அடுத்தவர் லேப்டாப்பில் நம் கொள்கை

சித்தி மகள் விஸ்காம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். போன தீபாவளிக்கு ஊரில் பார்த்தபோது தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சீனியர் ஒருவரிடம் வாங்கிய பழைய கேமிங் லேப்டாப். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்திருந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர்களின் பட்டியலில் அவளுடையது இல்லை.

"அண்ணா, இதுல லினக்ஸ் போடலாம்னு இருக்கேன். எது போடட்டும்? கேமும் ஆடணும், படமும் வரையணும்."

பதினைந்து வருஷமாக லினக்ஸில் இருப்பவனிடம் இதைக் கேட்பது, பக்தரிடம் எந்தக் கோயிலுக்குப் போகலாம் என்று கேட்பது மாதிரி. பதில் ஏற்கெனவே தயாராக இருக்கும். அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நான் பயன்படுத்தும் டிஸ்ட்ரோவையே போட்டுக் கொடுத்தேன். 'ரோலிங்' வகை. எந்த மென்பொருளில் புதிய பதிப்பு வந்தாலும் அடுத்த அப்டேட்டில் உள்ளே வந்துவிடும். "இனிமே இந்த மெஷின் முழுசா உன்னோடது. சுதந்திரம்னா இதான்" என்று ஒரு பிரசங்கமும் செய்தேன்.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. கிரிட்டாவில் வரைந்தாள், பிளெண்டரில் அனிமேஷன் செய்தாள், ஸ்டீமில் விளையாடினாள். பிறகு ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு ஃபோன். அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்திருக்கிறாள், திரை கறுப்பு. டிரைவரின் புதுப் பதிப்பு அவளுடைய பழைய கிராபிக்ஸ் கார்டைக் கைவிட்டிருந்தது. மறுநாள் காலை அவளுக்கு சப்மிஷன். நான் ஃபோனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, "ஸ்லாஷா, பேக்ஸ்லாஷா?" என்று கேட்டுக் கேட்டு அவள் டைப் செய்தாள். பழைய டிரைவரை மீட்டுத் திரை வந்தபோது மணி இரண்டரை.

அவள் திட்டவில்லை. "சுதந்திரம்னு சொன்னீங்களே அண்ணா, அது உங்களுக்குத்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் மனதுக்குள் அவளோடு வாதாடினேன். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் க்னூ திட்டத்தை அறிவித்ததிலிருந்து கட்டற்ற மென்பொருள் இயக்கம் பேசிவருவது பயனரின் சுதந்திரத்தைப் பற்றித்தான். இயக்கலாம், படித்து மாற்றலாம், பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம். நிரலைப் படிக்கத் தெரியாதவளுக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்டால், அவள் பயன்படுத்தும் பிளெண்டரே பதில். அதை உருவாக்கிய நிறுவனம் 2002-இல் மூடப்பட்டபோது, உலகெங்கும் உள்ள பயனர்கள் ஏழு வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டி மூலநிரலை விடுவித்தார்கள். அதே பிளெண்டரில் உருவான 'ஃப்ளோ' 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. சட்டம் படிக்காதவருக்கும் நீதிமன்றம் தேவைப்படுவதைப் போல, ஒரு வரி நிரல்கூடப் படிக்காத என் தங்கைக்கும் அந்தச் சுதந்திரம் பயன்படுகிறது.

வாதம் சரிதான். ஆனால் அவள் கேட்டது இதை அல்ல. அந்தச் சுதந்திரத்துக்கான விலையை அன்றிரவு கொடுத்தது யார் என்றுதான் கேட்டாள்.

இந்தச் சிக்கலில் மாட்டியவன் நான் மட்டுமல்ல. டெபியன் சமூகம் 1997-இல் வெளியிட்ட சமூக ஒப்பந்தத்தில் இரண்டு முன்னுரிமைகள் உண்டு: பயனர்கள், கட்டற்ற மென்பொருள். இரண்டும் மோதினால்? வைஃபையும் கிராபிக்ஸும் மூடிய ஃபர்ம்வேர் இல்லாமல் வேலை செய்யாத கணினிகள் பெருகிவிட்டன. 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, அத்தகைய ஃபர்ம்வேரை அதிகாரப்பூர்வ நிறுவலிலேயே சேர்க்க முடிவு செய்தார்கள். 2023-இல் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. இதைச் சரணாகதி என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. வேறொருவர் வீட்டில் வைஃபை இல்லாமல் போவதை, தங்கள் கொள்கையின் தூய்மைக்கான தியாகம் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. தியாகம் செய்பவருக்கும் இழப்பவருக்கும் நடுவே ஆள் மாறிவிட்டால் அதற்கு வேறு பெயர்.

விளையாட்டிலும் ஒன்றைக் கவனித்தேன். 2018-இல் ஸ்டீமில் புரோட்டான் வந்த பிறகு விண்டோஸ் விளையாட்டுகளில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுகிறது. ஆனால் வேலரண்ட் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு விண்டோஸ் கர்னலுக்குள்ளேயே உட்காரும் வகை. இதை மட்டும் தொடக்கத்திலேயே அவளிடம் சொல்லியிருந்தேன். ஒரு நாள் யோசித்துவிட்டு, "பரவால்ல, ஹாஸ்டல்ல ஃப்ரெண்ட் சிஸ்டம்ல ஆடிக்கிறேன்" என்றாள். அவளுக்கு அது சின்ன இழப்பில்லை, தினமும் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டு. ஆனாலும் அதைப் பற்றி ஒருமுறைகூடக் குறை சொன்னதில்லை. கறுப்புத் திரை ஒரே ஒரு இரவுதான், அதை அவளால் மறக்க முடியவில்லை. முன்னதை அவளே தேர்ந்தெடுத்தாள். பின்னதை அவளைக் கேட்காமல் அவளுக்காக நான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

பொங்கல் லீவில் மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை நான் முதலில் கேட்டது, "எது போனா உன்னால தாங்க முடியாது?" என்றுதான். அவள் நோட்டில் எழுதினாள்: சப்மிஷன் ஃபைல்கள், பென் டேப்லட், பிளெண்டர் ரெண்டர் வேகம். விளையாட்டு நான்காவது. புது வசதி எதுவும் பட்டியலிலேயே இல்லை. அதற்கேற்ற வழிகளையும் ஒவ்வொன்றின் விலையையும் சொன்னேன். அவள் லினக்ஸ் மின்ட் 22-ஐ எடுத்தாள். உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு. அப்டேட் சொதப்பினால் முந்தைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட். படங்களுக்குத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்.

கடைசியில் டிரைவர். திறந்த மூல டிரைவர் ஒன்று, மூடிய டிரைவர் ஒன்று. என் கை தன்னால் முதலாவதுக்குப் போனது. நிறுத்திக்கொண்டேன். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள். ஒன்றின் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் இந்தக் கார்டில் உன் ரெண்டர் இழுக்கும். மற்றது வேகம், ஆனால் உள்ளே என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியாது, கம்பெனி நிறுத்தினால் நாமும் நிற்க வேண்டியதுதான் என்றேன். பிரசங்கம் இல்லை, இரண்டு நிமிஷம்தான்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போதைக்கு மூடினதையே போடுங்கண்ணா. காலேஜ் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த 'இப்போதைக்கு'வை அவளாகத்தான் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன்.