துணிவும் துடுக்கும்

ஆபத்தை நாடிச் செல்வது அறமாகுமா? வயிற்றுப்பாட்டுக்காகவோ கடமைக்காகவோ ஆபத்தை எதிர்கொள்வோரைப் பற்றி நாம் கேட்கவில்லை. குறைவின்றி வாழ்வோர், ஓய்வு நாளில் பொருள் கொடுத்து ஆபத்தைத் தேடிப் போவது பற்றியே கேட்கிறோம்.

வேல்ஸ் நாட்டின் தென்மேற்கு மூலையில் பெம்புரோக்ஷயர் கடற்கரை இருக்கிறது. 1952-ஆம் ஆண்டு அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1970-இல் திறக்கப்பட்ட அதன் கரையோர நடைபாதை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுடையது. செங்குத்தான பாறைகளும், கடல் குடைந்த குகைகளும், சீல்கள் குட்டி ஈனும் ஒதுக்கிடங்களும் நிறைந்த அக்கரைக்கு விடுமுறை கழிக்க வருவோர் பலர். அவர்களுள் சிலருக்கு நடைப்பயணம் மட்டும் போதுவதில்லை. குளிர் தாங்கும் ரப்பர் உடையும், தலைக்கவசமும், மிதவைச் சட்டையும் அணிந்து, பாறையில் தொற்றி ஏறுகின்றனர். அங்கிருந்து அலையில் குதிக்கின்றனர். கரையை ஒட்டியே நீந்திச் செல்கின்றனர். இவ்விளையாட்டுக்குக் ‘கோஸ்டியரிங்’ என்று பெயர்.

இதனை வீண் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட நாம் துணியோம். நாற்காலியிலேயே தேய்ந்து போகும் உடலுக்கு உழைப்பு மருந்தாகும். மேலும், அலையின் முன் நிற்கும் மனிதன் தன் சிறுமையை உணர்கிறான். அவ்வுணர்வு ஏடுகளால் மட்டும் வாய்ப்பதன்று.

ஆயினும், இதற்கு வீரம் என்று பெயர் சூட்டும்போது நாம் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். 1030-இல் மறைந்த அறிஞர் இப்னு மிஸ்கவைஹி, தம் அறநூலில் ஒவ்வொரு நற்குணத்தையும் இரு தீய எல்லைகளுக்கு நடுவே வைத்துக் காட்டுகிறார். கோழைமை ஓர் எல்லை. அரபியில் ‘தஹவ்வுர்’ எனப்படும் துடுக்கு மற்றோர் எல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதே ‘ஷஜாஅத்’ என்னும் துணிவு. வீரர் செய்வதைச் செய்வோர் அனைவரும் வீரரல்லர் என்பதும் அவர் கருத்து. செயலைப் பார்த்தால் போதாது. அது எதன்பொருட்டுச் செய்யப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதற்கு அக்கடற்கரையே சான்று தருகிறது. செயின்ட் டேவிட்ஸ் ஊருக்கும் ராம்சே தீவுக்கும் இடையிலுள்ள நீரிணையில், நீரோட்டம் சீறிப் பாயும் பாறை வரிசை ஒன்று உண்டு. 1910 அக்டோபரில், ‘டெமாக்ரட்’ என்னும் பாய்க்கப்பலில் இருந்தோரைக் காக்க ‘ஜெம்’ என்னும் உயிர்காப்புப் படகு புயலில் புறப்பட்டது. அவர்களை ஏற்றிக்கொண்ட பின்னர் படகு அப்பாறைகளில் மோதி உடைந்தது. படகுத் தலைவரும் தோழர் இருவரும் மாண்டனர். எஞ்சியோர் இரவெல்லாம் பாறையைப் பற்றிக் கிடந்தனர். மறுநாள் சிறு துடுப்புப் படகில் சென்று அவர்களை மீட்பதில் முன்னின்றவர் சிட்னி மார்ட்டிமர் என்னும் 18 வயது இளைஞர். பிற்பாடு அந்நிலையத்தின் படகுத் தலைமை அவருக்கே கிடைத்தது.

அதே பாறைகளுக்கு இன்று துடுப்புப் படகுகளில் விளையாட வருகின்றனர். கடல் அதே கடல். பாறையும் அதே பாறை. ஒருவர் பிறர் உயிருக்காகச் சென்றார். மற்றவர் தம் உள்ளத்துக் கிளர்ச்சிக்காகச் செல்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நீதியாகாது.

இதனினும் கனமான கேள்வி ஒன்று உண்டு. ‘என் உயிர், நானே பொறுப்பு’ என்கிறார் விளையாடச் செல்பவர். அவர் அலையில் சிக்கினால் யார் போவார்? 1824-இல் நிறுவப்பெற்ற உயிர்காப்புப் படகுச் சங்கத்தின் தொண்டர்கள் போவார்கள். அவர்களுள் பெரும்பாலோர் வேறு தொழில் செய்து பிழைப்பவர்கள். மீட்கப்படுபவரிடம் அவர்கள் கூலி கேட்பதில்லை. ஆகவே, பணயம் வைக்கப்படுவது ஒருவரின் உயிர் மட்டுமன்று. முகமறியாத ஒருவரின் மகனும் தந்தையும் அதில் அடங்குவர். நம் உயிரே நம்மிடம் விடப்பட்ட அமானிதம் என்றால், பிறர் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை ஏது?

இதனால் விளையாட்டே கூடாது என்று நாம் கூறவில்லை. நீரேற்ற நேரம் அறிந்து, வழிகாட்டியின் சொல்லுக்கு அடங்கி, சீல்கள் குட்டி ஈனும் காலத்தில் அவ்விடம் விட்டு விலகிச் செல்பவர் துடுக்கர் அல்லர், பயிற்சி பெறுபவர். பயின்ற கை ஒருநாள் மூழ்குபவரைத் தூக்கவும் உதவும்.

எனவே, பிள்ளை விடை கேட்டு நிற்கும்போது, ‘அச்சமில்லையா?’ என்று மட்டும் கேட்க வேண்டாம். ‘உன்னைத் தேடி வர நேர்பவரை நினைத்தாயா?’ என்றும் கேட்போம். அவன் தரும் மறுமொழியைக் கேட்டபின் விடை கொடுக்கலாமா என்பதை முடிவு செய்வோம்.