தணிந்த குரல்

கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலை, திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரன் தலை மாற்றி மாற்றி வரும்போது, மணலே தெரியாத கூட்டம் நிற்கும். அதே மாலையில் எங்கள் திருத்தணி மலையில் வேல் பாய்வதில்லை, சூரனும் வருவதில்லை. கூடை கூடையாகப் பூவைக் கொண்டுவந்து முருகன்மேல் சொரிகிறார்கள். போர் முடித்து, சினம் தணிந்து அவன் வந்து நின்ற இடம் இது என்கிறது தல வரலாறு. தணிந்த இடத்தில் சண்டையை மறுபடி நடித்துக் காட்டுவதில்லை. சின்ன வயதில் எனக்கு இது பெரிய ஏமாற்றம். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சூரன், நமக்கு மட்டும் பூவா என்று அப்பாவிடம் அழுதிருக்கிறேன். "நம்ம சாமி சண்டைய முடிச்சுட்டு வந்துட்டாருடா" என்றார். அந்தப் பதில் எனக்குள் இறங்க 61 வயது ஆனது. இறங்கியபோது நான் ஒரு சைக்கிள்மேல் இருந்தேன்.

1989-இல், எனக்கு 25 வயது, யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கினேன். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துப் பித்தேறிய காலம். ஆனால் தார் ரோட்டில் எனக்கு மனம் நிற்கவில்லை. முன் மட்கார்டைத் தூக்கி மாட்டி, மண்ணைக் கவ்வுகிற முரட்டு டயர் போட்டு, பள்ளிப்பட்டுப் பக்கமும் நகரிப் பக்கமும் மாட்டுவண்டித் தடங்களில் ஓட்டினேன். வற்றிய ஏரிக்குள் இறங்கி எதிர்க் கரையில் ஏறுவேன். 98 சிசி வண்டிதான். முறுக்கினால் முன்சக்கரம் எழும்பும். டூ ஸ்ட்ரோக் புகையின் அந்த எண்ணெய் மணம் சட்டையில் ஏறி, துவைத்தாலும் போகாது.

அதை வெறும் ஆசை என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. அப்பா போன பிறகு கழனி பிரித்ததில் அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு முறிந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாத நாட்களில் நான் வண்டியை எடுத்தேன். அவருடைய மோட்டார் கொட்டகை இருக்கும் தடத்திலேயே, வேண்டுமென்றே, சத்தம் அலற ஓட்டிப்போவேன். அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். அந்தச் சத்தம்தான் நான் பேசாத பேச்சு. என் வலது மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினால் ஊரே திரும்பிப் பார்த்தது. அந்த வலு என்னுடையது என்றே பல வருடம் நம்பியிருந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு மழைக்கால மாலையில், ஏரிக்கரை இறக்கத்தில் பின்சக்கரம் வழுக்கியது. வலது முட்டி போயிற்று. பெட்ரோல் டாங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது. முட்டி ஓரளவு தேறியது. கிக்கரை உதைக்கும் தெம்பு மட்டும் திரும்பவில்லை. இரண்டு வருடம் திண்ணையில் உட்கார்ந்து, போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே இன்ன வண்டி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வருடமும் இருட்டு. முட்டிக்குச் சைக்கிள் மிதிப்பது நல்லது என்றார் வைத்தியம் பார்த்தவர். மேடு ஏறச் சக்தி போதாதே என்றபோது, மகன் அகலமான டயரும் முன்பக்கம் அதிர்வு தாங்கும் ஃபோர்க்கும் உள்ள, மலைத்தடத்துக்கான எலக்ட்ரிக் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

வாங்கியபின் தெரிந்துகொண்ட ஒரு செய்தி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. மிதித்தால் மட்டும் மோட்டார் கைகொடுக்கும் சைக்கிளை உலகத்தில் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது யமஹா. வருடம் 1993. அந்த வருடம் நான் அதே யமஹாவின் ஆர்எக்ஸை ஏரிக்குள் அலறவிட்டுக்கொண்டிருந்தேன். என் பிற்காலத்துக்கான வண்டியும் அப்போதே எங்கோ ஓடத் தொடங்கியிருந்தது. நமக்குத் தேவைப்படப்போவது, நாம் கேட்கத் தெரிந்துகொள்வதற்கு முன்பே எங்கோ தயாராகிறது என்ற எண்ணம் அன்று என்னைக் கைகூப்ப வைத்தது.

இதன் வேலை எளிது. பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அச்சில் உள்ள ஒரு சிறு கருவி உணர்கிறது. அதற்கு ஏற்றபடி மோட்டார் தள்ளுகிறது. கால் நின்றால் அதுவும் நின்றுவிடும். 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அது விலகிக்கொள்ளும். அதற்குமேல் போக ஆசையிருந்தால் நம் கால்தான். வந்தபோது இதில் கையால் முறுக்கும் ஆக்சிலேட்டரும் இருந்தது. மிதிக்காமலே போகலாம். முதல் வாரம் என் மணிக்கட்டு தானாகவே அதைத் தேடிப்போனது. எட்டாம் நாள் சைக்கிள் கடைக்காரரிடம் அதைக் கழற்றச் சொன்னேன். "நல்லா வேலை செய்யுதே சார், எதுக்கு?" என்றார். "வேணாம்பா, கை பழைய கை" என்றேன்.

கழற்றிய பிறகுதான் இந்த வண்டி எனக்குப் பாடம் சொல்லத் தொடங்கியது. மேட்டில் மூச்சு வாங்குகிறது, முட்டி நடுங்குகிறது, இனி இறங்கித் தள்ள வேண்டியதுதான் என்று நினைத்தபடி கடைசியாக ஒரு மிதி மிதிக்கிறேன். அப்போது பின்னாலிருந்து ஒரு கை முதுகைத் தொட்டுத் தள்ளுவதுபோல் இருக்கிறது. நான் மிதித்தேனா, அது தள்ளியதா என்று பிரிக்க முடிவதில்லை. முயற்சி பெரிதா அருள் பெரிதா என்று மலையடிவார மண்டபத்தில் பெரியவர்கள் வாதாடக் கேட்டிருக்கிறேன். நான் படித்தவன் அல்ல. அந்த மேட்டில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கால் ஓய்ந்த கணத்தில் கையும் விலகுகிறது, கால் அசைந்ததும் வந்துவிடுகிறது.

தணிதல் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி நினைக்க வேண்டும். தீ அணைகிறது, அணைந்தால் சாம்பல்தான். காய்ச்சல் தணிகிறது, உடம்பு இருக்கிறது, உயிர்ச்சூடும் இருக்கிறது. குரலைத் தணித்துப் பேசு என்கிறோம்; பேசாதே என்று சொல்வதில்லை. வயதானால் எல்லாம் அணைந்துவிடும் என்று திண்ணையில் இருந்த இரண்டு வருடமும் நான் பயந்தேன். அணைவது வேறு, தணிவது வேறு என்று என் ஊரின் பெயரே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது விடியற்காலையில் கிளம்புகிறேன். காப்புக்காட்டுக்குள் போவதில்லை, வண்டித் தடத்தோடு சரி. முப்பது வருடம் போன அதே தடங்கள், ஆனால் நான் கேட்டதே இல்லாத ஊர். பொதட்டூர்பேட்டைப் பக்கம் விசைத்தறிகளின் தாளம் தெருவுக்குத் தெரு மாறுகிறது. மயில் எந்தப் புதரிலிருந்து அகவுகிறது என்று தெரிகிறது. மாவரைக்கும் கிரைண்டர், தெலுங்கில் பிள்ளையை எழுப்பும் தாய், அடுத்த வீட்டில் தமிழில் அதே அதட்டல். ஒரு நாள் ஆடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர், "ஏன் சாமி, இது மோட்டாரா, சைக்கிளா?" என்று கேட்டார். "ரெண்டும்தாங்க பெரியவரே" என்றேன். அவர் ஆடுகளைக் காட்டினார். "முன்ன ஒரு வண்டி வரும். சத்தம் கேட்டா குட்டிங்க சிதறிப் போயிடும். ஒருதரம் தேடித் தேடி ராத்திரி ஆயிட்டுது." அந்த வண்டி எது என்று எனக்குத் தெரியும். இறங்கி நின்றேன். "அது நான்தாங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வயசு அப்படி" என்று மட்டும் சொல்லி நடந்தார். ஆடுகள் என் சக்கரத்தை உரசியபடி போயின.

அண்ணனுடைய கொட்டகைப் பக்கமும் தடம் போகிறது. பழைய நாளில் என் சத்தம் கேட்டதும் உள்ளே போகிறவர், இந்த முறை நான் வந்ததையே அறியவில்லை. வாய்க்காலில் கால் அலம்பிக்கொண்டு நிமிர்ந்தார், நான் பத்தடியில் நின்றேன். ஒதுங்க இரண்டு பேருக்கும் நேரம் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும். "முட்டி எப்படிடா இருக்கு?" என்றார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கழனியைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அடிவாரத்தில், சரவணப் பொய்கைப் பக்கம், சைக்கிளைப் பூட்டிவிட்டுப் படியேறுகிறேன். வருடத்தின் நாட்கள்போல் 365 படி. மேலே வரை வண்டி போகிற பாதை உண்டு. முடியாதவர்கள் அதில் போவதே சரி. நான் ஏறுவதற்குக் காரணம் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டையொட்டி இங்கே நடக்கும் படித்திருவிழாவை 1917-இல் தொடங்கிவைத்தவர் அவர். ஒவ்வொரு படிக்கும் பூசை, ஒவ்வொரு படியிலும் திருப்புகழ். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். தீராத வயிற்றுவலியோடு பழனிக்குப் போய், அங்கே திருப்புகழ் கேட்டு, வாழ்வின் நடுவில் திசை மாறியவர். படியைக் கடந்துபோகிற ஒன்றாக நினைக்காமல், நின்று வணங்குகிற ஒன்றாக அவர் பார்த்தது எனக்கு இப்போதுதான் புரிகிறது. ஏரியின் எதிர்க் கரை மட்டுமே கண்ணில் இருந்தவனுக்கு, நடுவில் இருந்த ஏரி தெரிந்திருக்க நியாயமில்லை.

மேலே முருகன் மார்பில் ஒரு பள்ளம் உண்டு என்பார்கள். தாரகாசுரன் எறிந்த சக்கரத்தை மார்பில் ஏற்ற தழும்பு. சினம் தணிந்த பிறகும் அந்தத் தழும்பு போகவில்லை. இந்திரன் தந்த கல்லில் அரைத்த சந்தனத்தை அங்கே சாத்தினார்கள் என்கிறது தல வரலாறு.

ஆர்எக்ஸ் வீட்டில்தான் நிற்கிறது. இளைஞர்கள் வந்து நல்ல விலைக்குக் கேட்கிறார்கள்; அவர்கள் கண்ணில் இருக்கும் அந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கிறது, அதைக் குறைசொல்ல நான் யார். கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. போன ஆயுத பூசைக்கு இரண்டு வண்டிகளையும் கழுவிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். சைக்கிளின் பேட்டரிக்குப் பொட்டு வைத்தேன். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போது மனைவி கேட்டாள், "என்னங்க, அந்த டாங்க் பள்ளத்தைத் தட்டி எடுத்துப் பெயின்ட் அடிச்சிடலாமா?"

வேண்டாம் என்றேன். கிண்ணத்தில் மீதியிருந்த சந்தனத்தை எடுத்து அந்தப் பள்ளம் நிறையத் தடவினேன்.