கணக்குக் கேட்பது யார்?

அய்யனார் கோவில் மலையடிவாரத்தில் எங்கம்மாவின் தொகுப்பு வீடு. கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. கிராம சபையில் கேட்டேன். 'வீடு குடுத்ததே பெருசு, கணக்கு வேறயா?' என்றார் ஒருவர். குடுத்தது அவரு அப்பன் வீட்டுக் காசா?

எங்கள் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலில், ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதாலேயே, 1996 முதல் 2006 வரை அந்த நாற்காலியில் யாரையும் நிலைக்கவிடவில்லை. கணக்குக் கேட்கிற வாயை அப்படி அடைத்தார்கள்.

இதே மாவட்டத்தில் ஈழ அகதி முகாம்களும் உண்டு. 2021இல் தமிழகமெங்கும் முகாம்களில் 7,469 வீடுகள் கட்டித்தருவதாக அரசு அறிவித்தது. சுவரின் உறுதியை யார் கேட்பது? கிராம சபை வாக்காளர்களின் சபை, அகதிக்கு ஓட்டில்லை.

ஓட்டிருந்தும் வாயடைக்கப்பட்டவர்கள் நாம். ஓட்டே இல்லாதவருக்காக நாமே பேசலேன்னா வேற யாரு பேசுவா? அடுத்த சபையில் இரண்டு கூரைகளுக்கும் சேர்த்தே கேட்பேன்.