யாருக்குச் சொந்தம் அந்தப் பேச்சு?

சங்ககால மன்னன் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனது படைக்கலக் கொட்டிலில் நின்று, போர் காணாத அவன் வேல்களின் பளபளப்பைப் பாராட்டுவதுபோல் அவனை எச்சரித்தார் என்கிறது புறநானூறு. சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொன்ன தூது அது.

1971இல் வாஷிங்டனில் நடந்தது வேறு. அதிபர் நிக்சன் தன் அலுவலகத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளைப் பொருத்தியிருந்தார். உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. நவம்பர் 4 அன்று இந்திரா காந்தியைச் சந்தித்தார். மறுநாள் நிக்சனும் அவரது பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் இந்திராவை இழிசொற்களால் ஏசினார்கள். 2005இல் அந்தப் பதிவு வெளியானபோது நம் கோபம் முழுக்க அந்த வசைகளின் மீதே பாய்ந்தது. கிஸ்ஸிங்கர் வருத்தம் தெரிவித்தார், பேச்சு அத்தோடு அடங்கியது.

அடங்கியிருக்கக் கூடாது. வசையைவிடக் கொடியது டிசம்பர் பதிவுகளில் இருக்கிறது. இந்திய-பாகிஸ்தான் போர் மூண்டபின், ஜோர்டான், ஈரான் வழியாக அமெரிக்கப் போர் விமானங்களைப் பாகிஸ்தானுக்கு அனுப்பவைக்க இருவரும் திட்டமிடுகிறார்கள். அது தங்கள் நாட்டுச் சட்டத்துக்கு முரண் என்று அறிந்தே பேசுகிறார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்திருந்த நேரம் அது. டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், பாகிஸ்தான் ராணுவத்தின் படுகொலைகளைக் கண்டு ஏப்ரலிலேயே எதிர்ப்புத் தந்தி அனுப்பியிருந்தார். அவரைத்தான் இடம் மாற்றினார்கள்.

ஒருவருக்குத் தெரியாமல் அவர் பேச்சைப் பதிவது நம்பிக்கைத் துரோகம். ரகசியம் காக்கப்படும் என்ற உறுதி இல்லாவிட்டால் எந்தத் தூதரும் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார், சமாதானமே பிறக்காது என்பார்கள். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வாட்டர்கேட் வழக்கில் நாடாக்களை ஒப்படைக்கச் சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றமும், 1974இல், அதிபருக்கு ரகசியம் தேவை என்று ஏற்றுக்கொண்டது. அதற்கு எல்லை இல்லை என்பதைத்தான் மறுத்தது. சமாதானம் தேடும் பேச்சுக்கு மறைப்பு தகும். சட்டத்தை மீறி ஆயுதம் அனுப்பும் பேச்சுக்குத் தகாது. அந்த முடிவு யார் தலையில் குண்டாக விழுமோ, அவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு; 34 ஆண்டு கழித்தாவது.

ஓர் உறுத்தல் மிச்சமிருக்கிறது. பதிவு செய்தவர் அகப்பட்டார். பாகிஸ்தான் அதிபர் யாஹியா கானின் அறையிலோ டெல்லியிலோ பேசியதை நாம் அப்படிக் கேட்க முடியாது. நிக்சனின் குரலைக் கேட்டுக் கொதிக்கும் நாம், நம் அரசின் கோப்புகளையும் அதே உறுதியோடு கேட்க வேண்டும். 25 ஆண்டு கடந்த ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப 1997ஆம் ஆண்டின் பொது ஆவண விதிகள் வழிசெய்கின்றன. 1971இன் கோப்புகளுக்கு அந்த 25 ஆண்டு 1996இலேயே நிறைந்துவிட்டது.