பரியின் அச்சமும் பாகன் கையும்

பசு என்னுஞ் சொற்குக் கட்டுண்டது என்று பொருள் கொண்டனர் நம் ஆசிரியர். அச்சொல்லை நாளும் ஓதுகின்ற நாம், மெய்யாகவே கயிற்றிற் கட்டுண்டு நம் முன்னே நிற்கும் விலங்கைப் பற்றிச் சிந்தித்தல் அரிது. வெருளும் இயல்புடைய ஒரு விலங்கை அடித்துப் பழக்குதல் அறமாகுமோ என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இவ்வினா எமக்கு ஏட்டினின்றும் எழுந்ததன்று.

கோவிற்பட்டிக்குக் கிழக்கே கரிசற்காட்டு ஊர் ஒன்றில், எமது பதினான்காம் வயதில், எம் மாமன் வண்டியிற் பூட்டும் நாட்டுக் குதிரை ஒன்று இருந்தது. துடியானது, சருகு பறந்தாலும் துள்ளும். ஐப்பசி மழை விட்டதொரு காலையில் அதனை வண்டியினின்றும் அவிழ்த்து, வெறும் முதுகில் ஏறி, காட்டுப் பாதையை அறுத்தோடிய சிற்றோடையொன்றைத் தாண்டுவிக்கத் துணிந்தோம். அது விரைந்தோடிக் கரையில் வந்து நின்றுவிடும். யாம் கடிவாள வாரை இறுக்கிப் பிடிப்போம். திருப்பி மீண்டும் ஓட்டுவோம். மூன்றாம் முறை சாட்டையை வீசினோம். தாண்டிற்று. தாண்டிற்று என்பதினும் சாட்டைக்குத் தப்பி விழுந்தது என்பதே உண்மை. நனைந்த கரிசல் முன்னங்கால்களைக் கவ்விக்கொண்டது. தோள் பிசகித் தை மாதம் வரையில் நொண்டிற்று.

“அதன் வினை” என்றார் வீட்டுப் பெரியவர் ஒருவர். அன்று அச்சொல் எமக்கு ஆறுதலாயிருந்தது.

அவர் கூற்றை விரித்தால், அவ்வுயிர் அவ்வுடம்பை எடுத்ததும் அடியுண்டதும் அதன் பிராரத்தம். அடித்தவன் வெறுங்கருவி என்றாகும். இங்ஙனம் கூறுவார் இன்றும் உளர். இது பொருந்தாது. பிராரத்தம் நுகர்வாரைச் சார்ந்தது. சாட்டையை எடுக்க எண்ணிய எண்ணமோ எடுத்தவனைச் சார்ந்து ஆகாமியமாய் ஏறும். கருவி என்று தன்னைக் கூறிக்கொள்பவன், குதிரை தாண்டியிருந்தால் “யான் தாண்டுவித்தேன்” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான் அல்லனோ? யாம் சொல்லியிருப்போம்.

இனி, அது நின்றது முரணினாலோ என்று பார்க்கவேண்டும். குதிரையின் கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்தவை. பக்கங்களை வெகுதூரம் காணும். நெற்றிக்கு நேர் முன்னும் மூக்கின் கீழும் அதற்குப் புலப்படா. எதிர்ப்பட்டதன் தொலைவை அளக்கத் தலையை உயர்த்தியும் தாழ்த்தியும் நோக்குதல் வேண்டும். வாரை இறுக்கிய யாம் அதன் கண்ணைக் கட்டினவர் ஆயினோம். அன்றியும், அது கண்பட்டை இட்டு ஓடிப் பழகியது. மார்பிற் பட்ட பாரத்தை எதிர்த்து முன்தள்ளுதலே அது கற்ற கல்வி. இழுவையிற் பழகிய விலங்கைப் பற்றி இழுத்தால் இன்னும் முன்தள்ளாது என் செய்யும்? நாமே ஊட்டிய பழக்கத்திற்கு முரண் என்று பெயரிடுகின்றோம்.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கு இயல்பு என்பது நம் கொள்கை. ஏறியிருப்பவன் நெஞ்சிலுள்ள நடுக்கம் தொடைவழியும் வார்வழியும் இறங்கிக் குதிரையினிடத்தே சேர்கின்றது. அன்று முதலில் அஞ்சியது யாமே. எம் அச்சத்தை அதன் உடம்பில் அடித்தோம்.

அற்றேல், ஒறுத்தலும் மறக்கருணை ஆகாதோ எனின், ஆகும். ஆயின் அதற்கு உரியவன் மலபரிபாகம் அறிந்து சினமின்றிச் செய்யும் இறைவன். இந்த வேறுபாட்டின் ஒரு சாயலைக் கிரேக்க அறிஞர் செனபோனும் கண்டார். கிறித்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய அவர், சினங்கொண்டிருக்கும்போது குதிரையை அணுகலாகாது என்றார். பள்ளந் தாண்டப் பழக்குவோன் முதலில் தானே கயிற்றோடு தாண்டிக் காட்டுக என்றார். மறுத்தால் பின்னின்று ஒருவன் கோலால் அடிக்கலாம் என்றும் சொன்னார். ஆனால் முதற்படி அதுவன்று.

நம் நாட்டிலோ, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் வாங்கிய அயல்நாட்டுக் குதிரைகளிற் பெரும்பாலன பேணும் முறை அறியாமையால் மடிந்தன என்று எழுதி வைத்தார். அவை வந்திறங்கிய துறைகளுள் ஒன்றாகிய காயல் இக்கரிசற் பகுதிக்கு அணித்தே உளது. வாதவூரடிகள் பொருட்டுக் குதிரைச் சேவகனாய் வந்து கயிறு மாறிக்கொடுத்த பெருமானை வழிபடும் நாட்டில் இது நிகழ்ந்தது என்பது நாணத்தக்கது.

அமெரிக்க நாட்டில் 1956இல் ஹாரி டி லேயர் என்பார், கொலைக்களத்துக்குச் செல்லவிருந்த ஏர்க்குதிரை ஒன்றை 80 டாலருக்கு வாங்கினார். தரையிற் கிடத்திய கழிகளையே அது இடறித் தள்ளிற்றாம். அயலார் ஒருவருக்கு அதனை விற்றபின், வேலிகளைத் தாண்டித் தாண்டித் தன் பழைய கொட்டிலுக்கே மீண்டுவந்தது. ஸ்நோமன் என்னும் அக்குதிரை 1958இலும் 1959இலும் நியூயார்க்கில் தாண்டற்போட்டியில் வாகை சூடியது. ஸ்நோமன் சாந்தமான பிராணி; எம் குதிரையோடு ஒப்பிடத் தகாதது என்பாரும் இருக்கலாம். ஆயின் அவ்வேலிகளை அது தாண்டியபோது பின்னே சாட்டை பிடித்தவன் எவனும் இல்லை என்பதை மறுக்க இயலாது.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்கை அடித்து வருத்துதலைக் குற்றம் என்கின்றது. சட்டம் தழும்பைக் காணும்; கையின் நடுக்கத்தைக் காணாது.

தை கழிந்து நொண்டல் தீர்ந்தபின், எம் ஊர்ச் சம்சாரி ஒருவர், முதியவர், களத்தில் ஒரு பனஞ்சட்டத்தைக் குறுக்கே கிடத்தினார். கண்பட்டையை அவிழ்த்தார். கயிற்றைத் தளர விட்டுத் தாம் முதலிற் கடந்து அப்பால் நின்றார். எம்மையும் பேசாது நிற்கச் சொன்னார். குதிரை தலை தாழ்த்தி மோந்தது, நெடுநேரம் நின்றது, பின் ஒவ்வொரு காலாக எடுத்துவைத்துக் கடந்தது. பத்து நாட்கள் இதுவே. அதன்பின் சட்டத்தைக் கல்லின்மேல் ஏற்றினார், தத்திக் கடந்தது. பங்குனியில் அவ்வோடைக்கே அதனைக் கொண்டுபோயினோம். நீர் வற்றி நிலம் வெடித்திருந்தது. வாரைத் தளர்த்தி யாம் அமர்ந்திருந்தோம். அது தாண்டவில்லை. வெடிப்புகளில் குளம்பு சிக்காவண்ணம் பார்த்துப் பார்த்து இறங்கி, மறுகரை ஏறி, புல் மேயத் தொடங்கிற்று.