மறைந்து நின்று சுடுதல்

இராமன் மறைந்து நின்று வாலியை எய்தது முறையோ என்ற வினா நம் பட்டிமண்டபங்களில் இன்னும் ஓயவில்லை. ஆயின், மறைவு ஒன்றையே குற்றமெனக் கொள்ள நம்மால் இயலாது. விமானமும் பீரங்கியும் உடைய பெரும்படையை எதிர்க்கும் எளியோர்க்கு மறைவே அரண். அவர்களை வெட்டவெளிக்கு வருமாறு அழைப்பது வலியோர் வகுத்த நீதி.

குற்றம் வேறிடத்தில் உளது. குண்டு வீசும் விமானி, தன்னால் மாண்டோரின் முகத்தைத் தான் கண்டதில்லை எனலாம். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியை ஏந்தியவனுக்கு அந்தச் சமாதானம் இல்லை. அவன் பார்த்தே சுடுகிறான். ஸ்பானிய உள்நாட்டுப் போரிலே குடியரசின் பக்கம் நின்று பகைவரைச் சுடச் சென்ற ஜோர்ஜ் ஓர்வெல், காற்சட்டையைக் கையாற் பிடித்தபடி ஓடிய ஒருவனைக் கண்டார், சுடாது விட்டார். சரயேவோவிலோ, 1992இல் தொடங்கிய முற்றுகையின்போது தண்ணீர் எடுக்கச் சென்றோரும் சிறுவரும் குறிவைத்துச் சுடப்பட்டனர். அம்முற்றுகைப் படையின் தளபதிகளுள் ஒருவரான ஸ்தானிஸ்லாவ் கலிச்சுக்கு 2006இல் அனைத்துலக நீதிமன்றம் ஆயுட்சிறை விதித்தது.

நியாயமான இலட்சியம் மறைந்து நிற்கும் உரிமையைத் தரலாம். எதிரே வருபவர் யாரெனக் கண்ட பின்னும் காணாதவர்போல் நடிக்கும் உரிமையை எந்த இலட்சியமும் நமக்குத் தராது.