மூச்சுவிட ஓர் இடம்

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி. ஊரே கதவடைத்துக் கிடந்தது. அண்டை வீட்டுப் பெரியவர் மாடிச் சுவருக்கு அப்பால் நின்றபடியே பத்திரிகையை உயர்த்திக் காட்டினார். "பார்த்தீர்களா ஸார்? நாம் வீட்டுக்குள் கைதி. திருடன் ஜெயிலிலிருந்து வீட்டுக்குப் போகிறான்!"

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிரவு அந்தச் சிரிப்பு என்னை உறுத்தியது.

மார்ச் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மாநிலந்தோறும் ஒரு குழு அமைத்து, யார் யாரை இடைக்கால ஜாமீனிலோ பரோலிலோ அனுப்பலாம் என்று முடிவு செய்யச் சொல்லியிருந்தது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களைக் கவனிக்கலாம் என்றும் சுட்டியிருந்தது. 2019-ஆம் ஆண்டு முடிவில் நம் நாட்டுச் சிறைகளில் சுமார் 4 லட்சம் பேருக்குத்தான் இடம். இருந்தவர்களோ 4 லட்சத்து 78 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் நூற்றுக்கு 69 பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பே எழுதப்படாதவர்கள்! தலைமாட்டில் அடுத்தவன் கால் இடிக்கப் படுத்திருப்பவனிடம், "தள்ளி நில்" என்று எப்படிச் சொல்வது?

நியாயம் பேசுவது எளிது. சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் திருட்டுப் போயிற்று. என் தாயாரின் சங்கிலியும் போயிற்று. அன்று அந்தத் திருடன் செத்தால்கூடத் தகும் என்றுதான் நினைத்தேன். நல்ல வேளை, தண்டனையின் அளவைச் சட்டம் என் கோபத்திடம் ஒப்படைக்கவில்லை. நீதிபதி விதிப்பது மாதக் கணக்கு, ஆண்டுக் கணக்கு. காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் அவர் விதிப்பதில்லை.

ஆனாலும் ஒரு சிக்கல். நீதி குற்றத்தை எடை போடுகிறது. நோயோ நுரையீரலை எடை போடுகிறது. ஏழாண்டு அளவுகோலின்படி வாலிபத் திருடன் வெளியே வருவான். கொலை செய்த கிழவர் இருமிக்கொண்டு உள்ளேயே இருப்பார். இது என்ன நியாயம்?

யோசித்தபோது ஒன்று புரிந்தது. வெளியே போகிறவனுக்குக் கிடைப்பது சலுகை என்றால், போக முடியாத கிழவருக்குக் கிடைப்பது இடம். மூச்சுவிட ஓர் இடம். தினமும் வேலை முடிந்து நம் தெருவுக்குத் திரும்பும் வார்டருக்கும் அதில் பங்குண்டு. 1750-இல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் கைதிகளோடு வந்த சிறைக் காய்ச்சல், நகர மேயரையும் நீதிபதிகளையும் கொண்டுபோயிற்று. சிறைச் சுவர் மனிதனைத்தான் தடுக்கும்.

வெளியே வந்தவர்கள் 15 நாட்களுக்குள் சரணடைய வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கணக்குத் தீர்ந்தது. என் மனத்தில் மட்டும் ஒரு பாக்கி நிற்கிறது: தீர்ப்பே பெறாத ஒருவனுக்குக் கதவு திறக்க ஒரு கொள்ளைநோய் வர வேண்டியிருந்ததே, அது யார் குற்றம்?